ஓர் எழுத்தைத் திருத்துதல்: திறமூல மென்பொருள் ஆவணங்களில் பிழை நீக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உரைத்தொகுப்பியைத் தமிழ் இடைமுகத்துடன் நிறுவிப் பார்த்தபோது, அதன் உதவிப் பக்கத்தில் முதல் படியாக 'கோப்பை திற' என்று எழுதியிருந்தது. எனக்கு முதலில் தேநீர்க் கோப்பைதான் நினைவுக்கு வந்தது. எழுதியவர் சொல்ல வந்தது கோப்பு என்னும் சொல்லின் இரண்டாம் வேற்றுமை. ஐ உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்பதால் அது 'கோப்பைத் திற' என்று இருந்திருக்க வேண்டும். ஒரு 'த்' விடுபட்டதால் ஃபைல் கிண்ணமாகிவிட்டது. அந்த மென்பொருள் திறமூலம் ஆதலால், யாருக்கும் புகார் எழுதிக் காத்திருக்காமல் அந்த 'த்' என்னும் எழுத்தை நானே சேர்த்து அனுப்ப முடிந்தது. சேர்க்கப் பிடித்த நேரம் ஒரு நொடி. எங்கே சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த மாலைப்பொழுதைப் பற்றியது.

திறமூல மென்பொருள் என்றால், அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்று உரிமம் அனுமதிக்கும் மென்பொருள் என்பது பலருக்கும் தெரியும். அந்த அனுமதி பெரும்பாலும் நிரலோடு நின்றுவிடுவதில்லை, நிரலோடு வரும் எழுத்து முழுவதற்கும் நீள்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிறுவும் முறையைச் சொல்லும் ரீட்மீ கோப்பு, கட்டளைகளைத் தட்டச்சிடும் லினக்ஸ் முனையத்தில் 'மேன்' என்று தட்டினால் விரியும் கையேடு, நிரலாளர்களுக்கான குறிப்புதவிப் பக்கங்கள், பிழைச் செய்திகள், அவற்றின் மொழிபெயர்ப்புகள் ஆகிய அனைத்தையும் ஆவணம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இவை பெரும்பாலும் நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில், அதாவது திட்டத்தின் கோப்புகளை அவற்றின் மாற்ற வரலாற்றோடு சேமித்துவைக்கும் இடத்தில், நிரலைப் போலவே எளிய உரைக்கோப்புகளாக இருக்கின்றன. லினக்ஸ் கருநிரலின் களஞ்சியத்தில் 'டாக்குமென்டேஷன்' என்றே ஓர் அடைவு உண்டு. பைத்தான் மொழியின் களஞ்சியத்தில் அதற்கு 'டாக்' என்று பெயர். இணைய நிரலாளர்கள் அன்றாடம் புரட்டும் எம்டிஎன் தளத்தின் கட்டுரைகளும் 2020 டிசம்பரில், இத்தகைய களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்துக்கு இடம்பெயர்ந்தன. ஆகவே, இணையத்தில் அழகாகத் தெரியும் ஒரு பக்கத்தில் பிழை கண்டால், அந்தப் பக்கத்துக்குப் பின்னால் எங்கோ ஓர் உரைக்கோப்பு இருக்கிறது என்றும், அதில் அந்தப் பிழை அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சொல்லில் எழுத்து மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான சமயங்களில் ஒன்றும் கெடாது என்பதே நேர்மையான பதில். பெறுதல் என்று பொருள்படும் 'ரிசீவ்' என்னும் ஆங்கிலச் சொல்லில் ஐ, ஈ ஆகிய எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தால் படிப்பவர் முகம் சுளித்துவிட்டுக் கடந்துபோவார். ஆனால் ஆங்கிலத்தில் 'நாட்' என்னும் மறுப்புச் சொல்லுக்கும் 'இப்போது' என்று பொருள்படும் 'நவ்' என்னும் சொல்லுக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. 'இந்தக் கட்டளை பழைய கோப்புகளை அழிக்காது' என்ற வாக்கியம் ஒரே எழுத்துத் தவறினால் 'இந்தக் கட்டளை இனிப் பழைய கோப்புகளை அழிக்கும்' என்று ஆகிவிடுகிறது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் வாய் திறக்காது. படிப்பவர் நகலெடுத்து முனையத்தில் ஒட்டும் கட்டளை வரிகளில் இன்னும் கவனம் தேவை. 2017 ஆகஸ்டில் என்பிஎம் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் கிடங்கிலிருந்து 'கிராஸ்என்வ்' என்ற பொதி நீக்கப்பட்டது. நடுவில் இணைகோடு உள்ள 'கிராஸ்-என்வ்' என்பதே உண்மையான பொதி. கோடில்லாத போலியை நிறுவியவர்களின் கணினியிலிருந்த சூழல் மாறிகளை, அதாவது கடவுச்சொற்களும் அணுகல் சாவிகளும் வழக்கமாக வைக்கப்படும் இடத்தை, அது வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட பெயர் ஒன்றில் கோடு விடுபட்ட ஒரு நிறுவல் கையேட்டைக் கற்பனை செய்து பாருங்கள்.

அந்த எழுத்து யாருடையது

பிழையைக் கண்டவுடன் திருத்தக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுத்து, அந்த எழுத்து எங்கே பிறந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நான் பார்க்கும் பக்கம் ஒரு கருவியால் உருவாக்கப்பட்டதாக இருக்கலாம். நிரலுக்குள் ஒவ்வொரு செயற்கூறுக்கும் மேல் எழுதப்படும் விளக்கக் குறிப்புகளைத் திரட்டிக் குறிப்புதவிப் பக்கங்களை உருவாக்குவது பல திட்டங்களின் வழக்கம். அப்படி உருவான கோப்பில் திருத்தினால், அடுத்த முறை கருவி ஓடும்போது பழைய பிழை திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கே இது நேர்ந்தது. நான் அனுப்பிய முதல் திருத்தங்களில் ஒன்றை, திட்டத்துக்கு வரும் மாற்றங்களைப் பார்த்து ஏற்கும் பொறுப்பிலுள்ள ஒரு பராமரிப்பாளர், 'இந்தக் கோப்பின் முதல் வரியைப் படிக்கவும்' என்று மட்டும் எழுதி மூடிவிட்டார். அந்த முதல் வரியில், இது தானாக உருவாக்கப்பட்ட கோப்பு, கைவைக்காதீர் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கண்ணில் பட்ட பிழைக்கு நேராகப் போனவனுக்கு முதல் வரி எங்கே தெரியும்.

பிழையான சொற்றொடரை மேற்கோளுக்குள் இட்டுக் களஞ்சியம் முழுவதிலும் தேடுவது இதற்கு எளிய வழி. கிட்ஹப்பின் தேடுபெட்டியே போதும். களஞ்சியத்தைத் தன் கணினிக்கு இறக்கியவர் 'கிட் கிரெப்' கட்டளையைப் பயன்படுத்தலாம். தேடல் ஒரே ஓர் இடத்தைக் காட்டினால் வேலை சுலபம். இரண்டு இடங்களைக் காட்டினால் எது மூலம், எது நகல் என்று பார்க்க வேண்டும். எதையும் காட்டாவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அந்த வாக்கியம் வேறொரு களஞ்சியத்திலிருந்து வருகிறது. இன்னொன்று, அதை ஏற்கெனவே யாரோ திருத்திவிட்டார்கள். பல திட்டங்களின் ஆவணத் தளத்தில் வெளியிடப்பட்ட பதிப்புக்கு ஒரு பக்கமும், வளர்ச்சியில் உள்ள பதிப்புக்கு வேறொரு பக்கமும் இருப்பதால், நாம் பார்ப்பது பழைய பக்கமாக இருக்கலாம். அதேபோல், வேறு திட்டத்தின் நூலகத்தை அப்படியே நகலெடுத்துத் தன் களஞ்சியத்துக்குள் வைத்திருக்கும் மென்பொருள்கள் ஏராளம். அந்த அடைவில் உள்ள பிழையை இங்கே திருத்தினால், மூலத் திட்டத்தின் அடுத்த பதிப்பை உள்ளே இழுக்கும்போது திருத்தம் அழிந்துபோகும். ஆற்றில் கலங்கலைக் கண்டால் மேல்மடையைப் போய்ப் பார்க்க வேண்டும்.

உரிமக் கோப்பை மட்டும் தொடவே கூடாது. குனூ பொது உரிமத்தின் தொடக்கத்திலேயே, இதை எழுத்து மாறாமல் நகலெடுத்துப் பரப்ப எவருக்கும் அனுமதி உண்டு, ஆனால் மாற்ற அனுமதியில்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதில் கமா தவறியிருந்தாலும் அது அந்த உரிமத்தை எழுதியவர்களின் கமா.

பிழைபோலத் தோன்றுபவை

சில பிழைகள் வயதாகி மரபாகிவிட்டன. ஓர் இணையப் பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் சொடுக்கிச் செல்லும்போது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று உலாவி வழங்கிக்குத் தெரிவிக்கும் தலைப்புப் புலத்தின் பெயர் 'ரெஃபரர்'. ஆங்கில முறைப்படி அந்தச் சொல்லின் நடுவில் இரண்டு ஆர் வர வேண்டும். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியை விளக்கி 1996 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1945 என்னும் ஆவணத்தில் அது ஒரே ஆருடன் பதிவாயிற்று. பிழை கவனிக்கப்பட்டபோது அந்தப் பெயரை எதிர்பார்க்கும் வழங்கிகளும் உலாவிகளும் பெருகியிருந்தன. ஒரு எழுத்தைச் சேர்த்தால் பழைய மென்பொருளுக்கும் புதிய மென்பொருளுக்கும் இடையே பேச்சு அறுந்துபோகும். எனவே அது இன்றுவரை ஏழு எழுத்துகளோடே வாழ்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே தகவலை ஜாவாஸ்கிரிப்டில் கேட்கும்போதும், பின்னாளில் வந்த 'ரெஃபரர்-பாலிசி' என்னும் தலைப்புப் புலத்திலும் சரியான எட்டு எழுத்துகளே இருக்கின்றன. ஆக, ஒரே ஆவணப் பக்கத்தில் அந்தச் சொல் இரண்டு விதமாகவும் வரும், இரண்டுமே சரியாக இருக்கும். இதைத் தெரியாமல் 'ஒரே சீராக்கினேன்' என்று திருத்தம் அனுப்பும் ஆர்வலர் ஆவணத்தில் புதிதாக ஒரு பிழையைப் புகுத்துகிறார். யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' என்னும் அழைப்பும் இப்படித்தான், கடைசி ஈ இல்லாமல் பிறந்து அப்படியே நிலைத்துவிட்டது. யூனிக்ஸை மறுபடி வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ஈ எழுத்தைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் சொன்னதாகக் கணினி உலகில் ஒரு பழங்கதை வழங்குகிறது.

இதிலிருந்து புதியவர் பெற வேண்டிய பாகுபாடு எளிது. மனிதர் படிக்கும் வாக்கியத்தில் உள்ள சொல்லைத் திருத்தலாம். இயந்திரம் படிக்கும் பெயரைத் திருத்தக் கூடாது. செயற்கூற்றின் பெயர், கட்டளையின் தேர்வுகள், அமைப்புக் கோப்பின் திறவுச்சொற்கள் எல்லாம் இரண்டாம் வகை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை, ஆவணத்தில் மாதிரியாகக் காட்டப்படும் வெளியீடுகள். மென்பொருள் உண்மையிலேயே பிழையான எழுத்துகளோடுதான் ஒரு செய்தியைத் திரையில் காட்டுகிறது என்றால், ஆவணமும் அதே பிழையோடுதான் காட்ட வேண்டும். அந்தச் செய்தியைக் கண்டு திகைத்தவர் அதே எழுத்துகளை இட்டுத்தான் தேடுவார். திருத்த விரும்பினால் நிரலில் உள்ள செய்தியையும், அதைச் சரிபார்க்கும் சோதனைகளையும், ஆவணத்தையும் ஒரே திருத்தத்தில் சேர்த்து மாற்ற வேண்டும். அப்போது அது ஆவணத் திருத்தம் என்ற நிலையைத் தாண்டி நிரல் மாற்றமாகிவிடுகிறது.

அமெரிக்க முறையில் எழுதப்பட்ட சொல்லைப் பிரிட்டிஷ் முறைக்கு மாற்றுவது திருத்தம் ஆகாது. நம் பள்ளிகளில் 'கலர்' என்ற ஆங்கிலச் சொல்லை யு எழுத்துடன் கற்றுக்கொண்டவர்களுக்கு யு இல்லாத வடிவம் கண்ணை உறுத்தும். உறுத்தினால் உறுத்தட்டும், திட்டத்தின் நடைவழிகாட்டி என்ன சொல்கிறதோ அதுவே முறை.

தலைப்புகளில் உள்ள பிழைகள் தனி வகை. எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையில் எழுதப்படும் தலைப்பிலிருந்தே அந்தப் பகுதிக்கான இணைப்பு முகவரியும் தானாக உருவாகிறது. 'நிறுவுதல்' என்று இருக்க வேண்டிய தலைப்பு 'நிருவுதல்' என்று இருந்து, அந்தப் பகுதியைச் சுட்டி நூறு பேர் வேறு பக்கங்களில் இணைப்புக் கொடுத்திருந்தால், றகரத்தைச் சரிசெய்த நாளில் அந்த நூறு இணைப்புகளும் பகுதியைத் தவறவிட்டுப் பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். பழைய முகவரியை ஒரு மறைமுக நங்கூரமாக, அதாவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடக்குறியாக, விட்டுவைத்துவிட்டுத் தலைப்பைத் திருத்தலாம். குறைந்தபட்சம் அதே களஞ்சியத்துக்குள் பழைய முகவரியைச் சுட்டும் இணைப்புகளையாவது தேடி மாற்ற வேண்டும்.

கருவிகள்

கண்ணால் தேடுவது போதாதென்றால் கருவிகள் உண்டு. லிப்ரேஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல், அகராதியில் இல்லாத சொற்களையெல்லாம் பிழை என்று காட்டும் வகை. அது முதலில் ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்டது. தமிழைப் போலவே ஒட்டுகள் அடுக்கடுக்காகச் சேரும் மொழி அது. ஆனால் மென்பொருள் ஆவணத்தில் பாதிச் சொற்கள் எந்த அகராதியிலும் இராது என்பதால், இந்த வகைக் கருவி பக்கம் முழுவதும் சிவப்புக் கோடு போட்டுவிடும். 'கோட்ஸ்பெல்' என்னும் கருவி இதற்கு எதிர்த்திசையில் சிந்திக்கிறது. சரியான சொற்களின் பட்டியலை வைத்துக்கொள்ளாமல், மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை வைத்துக்கொள்கிறது. விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் தொகுத்த பட்டியலிலிருந்து வளர்ந்தது அது. தெரிந்த பிழையைக் கண்டால் மட்டும் சொல்லும், மற்றபடி மௌனமாக இருக்கும். லினக்ஸ் கருநிரலிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் பொதிகளைச் சரிபார்க்கும் லின்டியன் கருவியிலிருந்து எடுத்து விரிவாக்கிய அந்தக் கோப்பில் வரிக்கு ஒரு பிழையும், இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு அப்பால் அதன் திருத்தமும் இருக்கும். திருத்தம் அனுப்புவதற்கு முன் ஓட்டப்படும் 'செக்பேட்ச்' என்னும் சரிபார்ப்பு நிரல் அதைப் பார்த்துக் குறை சொல்லும்.

கருவி காட்டியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது ஆபத்து. சுருக்கமான மாறிப் பெயர்கள், மனிதப் பெயர்கள், பிறமொழிச் சொற்கள் ஆகியவற்றை அது பிழை என்று நினைக்கும். தானாகத் திருத்தும் வசதியைக் களஞ்சியம் முழுவதும் ஏவிவிட்டு, முந்நூறு கோப்புகளில் மாற்றம் செய்து அனுப்புபவரை எந்தப் பராமரிப்பாளரும் அன்போடு வரவேற்கமாட்டார்.

அனுப்பும் முறை

இடம் உறுதியானதும், பிழை பிழைதான் என்று தெளிந்ததும், அனுப்புவது எளிது. கிட்ஹப்பில் உள்ள கோப்பாக இருந்தால் பக்கத்தின் மேலே பென்சில் படம் இருக்கும். அதைச் சொடுக்கி, தளம் கேட்டால் ஒப்புதல் தந்தால், களஞ்சியத்தின் நகல் ஒன்று நம் கணக்கில் உருவாகும்; அதற்கு ஃபோர்க் என்று பெயர். அந்த நகலில் எழுத்தை மாற்றி, மாற்றத்துக்கு ஒரு வரிக் குறிப்பு எழுதிச் சேமித்தால், அது ஒரு கமிட். அந்தக் கமிட்டை மூலக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு பராமரிப்பாளரைக் கேட்பதே புல் ரிக்வெஸ்ட். கணினியில் எதையும் நிறுவாமல், உலாவியிலேயே இவ்வளவும் முடிந்துவிடும். பராமரிப்பாளர் பார்க்கப்போவது முழுக் கோப்பை அல்ல. மாறிய வரிகளை மட்டும் காட்டும் டிஃப் என்னும் ஒப்பீட்டை. என் திருத்தத்தின் டிஃப் இப்படி இருந்தது:

– கோப்பை திற
+ கோப்பைத் திற

கழித்தல் குறியிட்ட வரி போகிறது, கூட்டல் குறியிட்ட வரி வருகிறது. இதைப் படித்து ஏற்கப் பராமரிப்பாளருக்குப் பத்து நொடி போதும். அந்தப் பத்து நொடியைக் காப்பாற்றுவதுதான் அனுப்புபவரின் நாகரிகம். ஆவணக் கோப்புகளில் ஒரு பத்தியைக் குறிப்பிட்ட அகலத்தில் வரிவரியாக மடித்து எழுதியிருப்பார்கள். ஒரு சொல்லில் ஒரு எழுத்துச் சேர்ந்ததும் வரி சற்று நீண்டுவிட்டதே என்று பத்தி முழுவதையும் மறுபடி மடித்தால், டிஃபில் எட்டு வரிகள் போய் எட்டு வரிகள் வரும். மாறியது எந்த எழுத்து என்று தேடுவது பராமரிப்பாளர் தலையில் விழும். சில உரைத்தொகுப்பிகள் கோப்பைச் சேமிக்கும்போது வரிக்கடைசி வெற்றிடங்களைத் தாமாகவே நீக்கி இதே குழப்பத்தை உண்டாக்கும். அனுப்பும் முன் தன் டிஃபைத் தானே ஒருமுறை படித்துப் பார்ப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும்.

குறிப்பு வரியில் 'டைப்போ திருத்தம்' என்று மட்டும் எழுதுவதைவிட, 'ஆவணம்: நிறுவல் கையேட்டில் ஒற்றுப்பிழை திருத்தம்' என்று இடத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. ஒரே கோப்பில் ஐந்து பிழைகள் கண்டால் ஐந்தையும் ஒரே கோரிக்கையில் அனுப்ப வேண்டும். திட்டத்தின் களஞ்சியத்தில் 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதை முதலில் படிக்க வேண்டும். எந்தக் கிளைக்கு அனுப்புவது, குறிப்பை எந்த வடிவில் எழுதுவது என்ற தகவல்கள் அதில்தான் இருக்கும். லினக்ஸ் கருநிரலுக்குப் புல் ரிக்வெஸ்ட் முறை செல்லாது. அங்கே திருத்தத்தை மின்னஞ்சலில் உரையாக அனுப்ப வேண்டும். இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியும் அதில் இருக்க வேண்டும். ஓர் எழுத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் அங்கே ஓர் எழுத்துக்கும் ஆயிரம் வரிக்கும் வாசல் ஒன்றுதான்.

வாசலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் மனநிலையையும் புதியவர் தெரிந்துகொள்வது நல்லது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், அக்டோபர் மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்புபவருக்கு ஒரு டி-சட்டை என்று 2020இல் அறிவித்திருந்தார்கள். சட்டைக்கு ஆசைப்பட்டவர்கள் ரீட்மீ கோப்புகளில் 'அருமையான திட்டம்' என்று ஒரு வரியைச் சேர்த்தும், சரியாக இருந்த சொல்லை வேறு சொல்லாக மாற்றியும் குவித்த கோரிக்கைகளால் பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். மாதம் தொடங்கிய சில நாட்களிலேயே, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் சேரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவில் வெளியான ஒரு கற்பித்தல் காணொளியைப் பார்த்துவிட்டு, எக்ஸ்பிரஸ் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து மாணவர்கள் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருந்த கதையும் உண்டு. 2024 தொடக்கத்தில் அது பெரிய பேச்சானது. லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சிமுறையை விளக்கும் ஆவணமே, புதியவர்கள் எழுத்துப்பிழைத் திருத்தங்களில் தொடங்குவது வளர்ப்பவர்களின் கவனத்தைச் சிதறடிக்கிறது, எனவே அது வரவர மதிப்பிழந்து வருகிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இதைப் படித்துவிட்டுத் திருத்தமே அனுப்பக் கூடாது என்று முடிவுகட்டத் தேவையில்லை. தான் உண்மையில் பயன்படுத்தும் மென்பொருளின் ஆவணத்தைப் படிக்கும்போது இடறிவிட்ட பிழையைத் திருத்துவதும், பிழையைத் தேடுவதற்காகவே பழக்கமில்லாத களஞ்சியத்துக்குள் போவதும் வேறுவேறு. முதல் வகைத் திருத்தத்தைத் திட்டங்கள் வரவேற்பதையே நான் கண்டிருக்கிறேன். ஓர் எழுத்து மாற்றத்தையும் பராமரிப்பாளர் நின்று படிப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க மென்பொருளில் பின்கதவு ஒன்று மறைத்துவைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. அதைத் தொடர்ந்து அந்தக் களஞ்சியத்தைத் துழாவியபோது, கட்டமைப்புக் கோப்பு ஒன்றில் தனியாக ஒரு புள்ளி கிடந்தது. அந்தப் புள்ளியால் ஒரு சிறு சோதனை நிரல் எப்போதும் தோற்றுக்கொண்டே இருந்தது. அதனால் பாதுகாப்பு வசதி ஒன்று சத்தமில்லாமல் அணைந்திருந்தது. அச்சுப்பிழைபோலத் தெரிந்த அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட புள்ளி.

மொழிபெயர்ப்பும் தமிழும்

ஆங்கில ஆவணத்தில் ஓர் எழுத்தைத் திருத்தும்போது, அதன் மொழிபெயர்ப்புகளுக்கு என்ன ஆகிறது என்பது புதியவர் கண்ணுக்குத் தெரியாத பகுதி. பல திறமூலத் திட்டங்கள் மொழிபெயர்ப்புக்குக் குனூ கெட்டெக்ஸ்ட் முறையைப் பயன்படுத்துகின்றன. இதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு கோப்பு. அதில் ஆங்கில வரி ஒன்றும், அதன் கீழ் மொழிபெயர்த்த வரி ஒன்றுமாக இணைஇணையாக இருக்கும். எந்த மொழிபெயர்ப்பு எந்த வரிக்கு உரியது என்பதை மென்பொருள் அந்த ஆங்கில வரியின் எழுத்துகளை வைத்தே அடையாளம் காண்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினால் அடையாளமே மாறிவிட்டது என்று பொருள். கருவி பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிட்டு, இது ஏறத்தாழ அதுதான் என்று ஊகித்துப் பழைய மொழிபெயர்ப்பைப் பொருத்திவைக்கும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் பார்த்து உறுதிசெய்யும் வரை அதன்மேல் 'ஃபஸி' என்ற முத்திரையையும் குத்திவிடும். ஃபஸி முத்திரை உள்ள வரிகள் இயல்பாக மென்பொருளுக்குள் போகமாட்டா. ஆங்கிலம் படிப்பவருக்கு ஒரு பிழை நீங்கிய அதே நாளில், தமிழ், வங்கம், சுவாகிலி என்று எல்லா மொழிக்காரர்களுக்கும் அந்த ஒரு வரி ஆங்கிலத்தில் தெரியத் தொடங்கிவிடும்.

ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், பதிப்பு வெளியிடும் குனோம் என்னும் லினக்ஸ் மேசைத்தளத் திட்டம், வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் இத்தகைய வரிகளை மாற்றக் கூடாது என்று உறைநிலை அறிவிப்பது இதனால்தான். பைத்தான் ஆவணங்களின் மொழிபெயர்ப்புகளும் இதே வகைக் கோப்புகளில்தான் இருக்கின்றன. 2017இல் எழுதப்பட்ட பெப் 545 என்னும் பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு அதற்கான ஏற்பாட்டை வகுத்தது. பொருள் மாறாமல் எழுத்து மட்டும் மாறிய திருத்தம் என்றால், எல்லா மொழிக் கோப்புகளிலும் ஆங்கில வரியைச் சேர்ந்தே மாற்றி முத்திரை விழாமல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்கள் உண்டு. அதைப் புதியவர் தாமாகச் செய்ய முனையக் கூடாது, கேட்டுவிட்டுச் செய்யலாம்.

நம்முடைய கோப்பைக்கு வருவோம். அது தமிழ் வரியில் இருந்த பிழை. ஆங்கில வரியில் குறையில்லை. நான் அன்று மாலை முதலில் திறந்தது மென்பொருளின் முதன்மைக் களஞ்சியத்தை. அங்கே திருத்தம் அனுப்பினால், மொழிபெயர்ப்புகள் வேறு தளத்தில் நடக்கின்றன, அங்கிருந்து வாரம் ஒருமுறை தானாக இங்கே வருகின்றன என்று பதில் வந்தது. அந்தத் தளத்தில் தமிழ்க் குழு ஒன்று இருந்தது. அதில் நான்கு பேர் இருந்தார்கள். 'கோப்பை திற' என்று தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணெதிரே அந்த வரி இருக்கிறது, தேடினால் இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது. தமிழில் 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், முன்னே கொம்பு, பின்னே கால் என இரண்டு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரத்தின்படியும் இரண்டும் சமமானவையே. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் எளிய தேடுகருவிக்கு அவை வேறுவேறு. நான் 'திற' என்று மட்டும் தேடிய பிறகுதான் வரி அகப்பட்டது.

தமிழ் ஆவணங்களில் பிழை தேடுபவர் கண்ணை முழுதாக நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று ஔகாரம். 'மௌனம்' என்று எழுத வேண்டியதை மெகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து 'மெளனம்' என்று தட்டச்சிடுவது மிகப் பரவலான பழக்கம். பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஔவையை 'ஒளவை' ஆக்குவதும் இதே பிழை. முன்னர்ச் சொன்ன ஓகாரச் சிக்கலைப் போலன்றி இவை ஒருங்குறித் தரத்தின்படியே வெவ்வேறு எழுத்துத் தொடர்கள், ஆகவே உண்மையான பிழைகள். ஒலியை அணைக்கும் பொத்தானுக்கு 'மெளனமாக்கு' என்று பெயரிட்டிருந்தால், சரியாகத் தட்டச்சிடத் தெரிந்தவர் உதவிப் பக்கத்தில் தேடும்போது அது கிடைக்காது. திரைபடிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கோ அது 'மெள-னமாக்கு' என்று ஒலிக்கக்கூடும். இந்தப் பிழையைத் தேடுவது ஒருவகையில் எளிது. தமிழில் 'ெ' குறியை அடுத்து ளகரம் வருமிடங்களையெல்லாம் தேடி, 'வெள்ளை', 'தெளிவு' போன்ற உண்மையான சொற்களை ஒதுக்கினால் மீதமெல்லாம் பெரும்பாலும் ஔகாரப் பிழைகளாகவே இருக்கும்.

ஒற்றுப்பிழைகளில் நான் இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. ஒற்று மிகுவதா மிகாதா என்று குழுவுக்குள் இரண்டு கருத்து இருக்கும் இடங்களில், திருத்தம் அனுப்புவதற்கு முன் குழுவின் சொல்வழிகாட்டியைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். பொருள் மாறும் இடத்தில் மட்டும் விடுவதில்லை. கோப்பையை யாரும் திறக்க முடியாது.

அந்தத் தமிழ்க் குழுவின் பொறுப்பாளர் என் பரிந்துரையை மறுநாள் ஏற்றுக்கொண்டார். அந்த வார இறுதியில் அது முதன்மைக் களஞ்சியத்துக்கு வந்தது, அடுத்த பதிப்பில் வெளியானது. என் மடிக்கணினியில் அப்போது இருந்தது டெபியனின் நிலைப்பதிப்பு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகும் அந்தப் பதிப்பில், இடையில் பாதுகாப்புக் குறைகளையும் பெரிய வழுக்களையும் சரிசெய்வார்கள், ஒற்றுக்காகவெல்லாம் புதிய பொதி வராது. ஆகவே அடுத்த நிலைப்பதிப்புக்கு மாறும் வரை, உலகத்துக்கெல்லாம் 'கோப்பைத் திற' என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மென்பொருள் எனக்கு மட்டும் தினமும் கிண்ணத்தையே நீட்டிக்கொண்டிருந்தது.